வலியைத் தணிக்கும் மெல்லிய மின்சாரம்



அறுவைச் சிகிச்சை என்றாலே நம்மில் பலருக்கு அச்சம் உண்டாகிறது. மயக்கம் தெளிந்த பின்னர் வரும் வலியை எண்ணியே பெரும்பாலோர் அஞ்சுகின்றனர். அந்த வலியை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதே தைரியம் என்று எண்ணுவோரும் உளர். இவ்வெண்ணம் தீங்கு விளைவிப்பதாகும்.

வயிற்றிலோ நெஞ்சிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், வலிக்கு அஞ்சி ஆழமாக மூச்சு இழுக்காமலும் இருமாமலும் இருந்தால், சளி நுரையீரலில் தங்கி நிமோனியா காய்ச்சல் காணக்கூடும். எழுந்து நடவாமல் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும். ஆகவே, வலியைத் தணிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை நாம் உணர வேண்டும்.

இதற்கு மாத்திரைகளும் ஊசிகளும் இருக்கின்றன. அவற்றோடு துணையாக நிற்கும் ஒரு முறையைப் பற்றியே இன்று கூற விரும்புகிறோம். தோலின் வழியாக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி நரம்புகளைத் தூண்டும் முறை அது. மருத்துவமனைகளில் இதனை 'டென்ஸ்' என்பார்கள்.

வலிக்கு மின்சாரத்தை நாடுவது புதிய எண்ணமன்று. முதலாம் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் உரோமானிய மருத்துவர், தலைவலிக்கு உயிருள்ள மின்சாரத் திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். ஆனால், மின்சாரம் எவ்வாறு வலியைத் தணிக்கக்கூடும் என்பதற்குத் தக்க விளக்கம் 1965-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் அதனை வெளியிட்டனர்.

குழந்தை காலை இடித்துக்கொண்டு அழுதால், தாய் அவ்விடத்தைத் தேய்த்து விடுகிறாள், வலி குறைகிறது. தொடு உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்புகள் வேலை செய்யும்போது, முதுகுத் தண்டில் வலிச் செய்தி செல்லும் வாயிற்கதவு ஓரளவு சாத்தப்படுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். தாயின் கை செய்யும் வேலையை இக்கருவி மின்னோட்டத்தால் செய்கிறது. மேலும், உடலில் இயற்கையாகச் சுரக்கும் வலி அடக்கும் பொருள்களையும் இது தூண்டுகிறது.

கருவி உள்ளங்கையில் அடங்கும், பேட்டரியால் இயங்கும். அதிலிருந்து வரும் ஒட்டுத் தகடுகளைப் புண்ணின் மேல் வைக்காமல், அதன் இரு பக்கங்களிலும் நல்ல தோலில் ஒட்டுவார்கள். உடலில் குறுகுறுப்புத் தோன்றும். அது நன்றாக உறைக்க வேண்டும். ஆனால் வலிக்கக் கூடாது. பட்டையை மேலாகச் சீவினால் பால் வடியாது. ஆழமாகச் சீவினால் மரம் காயப்படும் என்பது தாங்கள் அறிந்ததே. இங்கும் அளவே முக்கியம்.

இதற்குச் சான்றும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய வலியைப் பற்றிய 21 சோதனைகளைத் திரட்டி 2003-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இம்முறையைப் பயன்படுத்தியவர்களுக்கு வலி மருந்தின் தேவை சராசரியாக ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருந்தது. மின்னோட்டம் போதிய அளவில் செலுத்தப்பட்ட சோதனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. போதிய அளவு செலுத்தப்பட்டதாக உறுதி செய்யப்படாத சோதனைகளிலோ பயன் மிகச் சொற்பமே.

எனினும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் இது மட்டும் போதாது. மருந்தை நாமாக நிறுத்திவிடக் கூடாது. இதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டோர், காக்காய் வலிப்பு உள்ளோர், கருவுற்ற தாய்மார்கள் ஆகியோர் மருத்துவர் அனுமதியின்றி இதனைப் பயன்படுத்தலாகாது. கழுத்தின் முன்புறத்திலும் மரத்துப்போன தோலிலும் தகடுகளை ஒட்டலாகாது. வீட்டு மின்சாரத்தைக் கொண்டு இப்படி ஏதேனும் செய்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றையும் நினைவிற் கொள்க. வலி தணிந்துவிட்டதனால் புண் ஆறிவிட்டதாகப் பொருளில்லை. மருத்துவர் சொல்லும் நாள் வரையில் பால் வாளியைத் தூக்காதீர்கள். தணிந்த வலி திடீரென்று மிகுந்தாலோ, புண் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் வலியையும் நாடித் துடிப்பைப் போலவே கேட்டுக் குறித்துக்கொள்ளும் முறை 2008-ஆம் ஆண்டில் தொடங்கியது. பூஜ்யம் முதல் பத்து வரையில் வலி எவ்வளவு என்று தாதி கேட்பார். ஏழு என்றால் ஏழு என்றே சொல்லுங்கள். அவருக்குத் தொல்லை தருகிறோமே என்று கூச வேண்டாம். "இருமினால் வலிக்கிறது, டென்ஸ் கருவி எனக்கு ஏற்குமா?" என்றும் தயங்காமல் கேளுங்கள். நாம் வாய் திறந்து சொன்னால்தான் நம் வலியை மற்றவர் தணிக்க முடியும்.