மருத்துவத்துள் நுழைந்த ஐந்தாம் கை

(பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவள்ளுவப் பேராசான், ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளையுடையது என வரையறுத்தார். நோயுற்றவர் ஒருவர், அந்நோயைப் போக்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து பேணுபவர் ஒருவர். இந்நான்கும் செவ்வையாக அமைந்தால் மருத்துவம் நிறைவுறும். ஆனால், இக்காலத்தில் இந்நான்கிற்கும் நடுவே ஐந்தாவதாக ஒரு கை நுழைந்துள்ளது. அது நோயாளியின் நாடியைப் பிடிப்பதில்லை, மருந்து அரைப்பதில்லை, இரவெல்லாம் கண்விழித்துப் பேணுவதுமில்லை. ஒருபுறம் பணத்தை வாங்குகின்றது. மறுபுறம் அதனைக் கொடுக்குமுன், கொடாதிருக்க வழியுண்டா என்று கணக்குப் பார்க்கின்றது. அதன் பெயர் காப்பீட்டு நிறுவனம். மக்களின் மருத்துவத்தை அரசே நடத்துவதா, இவ்வைந்தாம் கையிடம் ஒப்படைப்பதா? இதுவே இன்று எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

வணிகன் ஈட்டத்தை நாடுவதில் வியப்பில்லை. துணி விற்பவனுக்கு நிறையத் துணி வாங்குபவன் நல்ல வாடிக்கையாளன். காப்பீட்டு வணிகத்திலோ நிலைமை தலைகீழானது. கட்டணம் செலுத்திவிட்டு நோயே வராதிருப்பவன் அதற்கு வரவு. நோயுற்று வருபவன் அதற்குச் செலவு. யாருக்கு உதவி மிகுதியும் வேண்டுமோ, அவனே அவ்வணிகத்திற்கு வேண்டாதவனாகின்றான். இஃது ஒரு நிறுவனத்தின் தீக்குணமன்று. அத்தொழிலின் அமைப்பே அவ்வாறானது.

இதற்கு அமெரிக்க நாடே சான்று. தன் மொத்த ஆக்கத்தில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை மருத்துவத்திற்கே செலவிடும் செல்வ நாடு அது. ஆயினும் 2023ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 2 கோடியே 60 இலக்கம் பேர் எவ்வகைக் காப்பீடும் இன்றி இருந்தனர். காப்பீட்டாளர் வாங்கும் 100 உருபாவில் 80 உருபாவையேனும், பெரிய தொழிற்குழுக்களின் காப்பீடாயின் 85 உருபாவையேனும் மருத்துவத்திற்கே செலவிடல் வேண்டுமென 2010ஆம் ஆண்டில் சட்டமியற்றிக் கட்டளையிட வேண்டியதாயிற்று. எஞ்சிய 15, 20 உருபா எந்த நோயையும் தீர்ப்பதில்லை. அஃது ஐந்தாம் கையின் பங்கு.

இனித் தமிழ்நாட்டைப் பார்ப்போர் பெருமிதங்கொள்ளக் காரணமுண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. அக்கோயிலைச் சார்ந்த மாணவர்க்கும் பணியாளர்க்குமாக 15 படுக்கைகளுடன் நடந்த மருத்துவமனையை அது குறிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்வார், மருந்து கொணர்வார், பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு அளக்கவேண்டிய நெல்லும், ஓராண்டிற்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளும் அதில் வரையப்பட்டுள்ளன. வள்ளுவர் சொன்ன நான்கு கூறுகளும் 11ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் ஏறி நிற்கின்றன. அம்மருத்துவர்க்கு அறுவை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலியில்லை. ஆண்டு முழுதும் இருந்து காப்பதற்கே கூலி.

இக்காலத்திலும் தமிழ்நாடு அவ்வழியையே பின்பற்றி உயர்ந்தது. 1939ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் பொது நலவாழ்வுச் சட்டம் வந்தது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி வழி வாங்கி, ஆய்வகங்களில் தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்கேடு ஒன்று கொடுத்துத் தேவைக்கேற்ப வழங்கும் முறை அது. கேரளமும் இராசத்தானமும் பின்னர் இம்முறையைத் தழுவின. இதன் பயனை எண்கள் பேசும். 2018–20ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஓர் இலக்கம் மகப்பேறுகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் 54 பேர். தொடக்க நலவாழ்வு நிலையத்துச் செவிலியர் வீடுவீடாய்ச் சென்று கருவுற்ற பெண்களைப் பெயரெழுதிப் பேணியதே இதற்கு வேர். காப்பீட்டு அட்டை எதுவும் அவ்வீடுகளின் கதவைத் தட்டியதில்லை.

எனினும், காப்பீடு தமிழ்நாட்டிலும் நுழைந்தது. 2009இல் தனியார் நிறுவனமொன்றின் வழியாகக் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், அரசுத் துறையிலுள்ள யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்தின் வழியாகத் தொடங்கிற்று. 2018இல் நடுவணரசின் திட்டமும் இதனோடு இணைந்தது. இவற்றால் நெஞ்சக அறுவையும் சிறுநீரக மருத்துவமும் பெற்று உயிர்பிழைத்த ஏழையர் பலர். இதனை மறைப்பது அறமாகாது.

ஆயின், இங்கேதான் கூர்ந்து நோக்கல் வேண்டும். இத்திட்டங்களின் பணம் பெரும்பாலும் படுக்கையில் சேர்க்கப்பட்டுச் செய்யப்பெறும் மருத்துவத்திற்கே போகின்றது. நீரிழிவுக்கு நாடோறும் உண்ணும் மருந்துக்கும், காய்ச்சலுக்குச் செல்லும் புறநோயாளியின் செலவுக்கும் அட்டை உதவுவதில்லை. மக்களின் கைப்பணம் கரைவதோ அங்கேதான். 2021 ஆகத்துத் திங்களில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று நீரிழிவு, குருதிக் கொதிப்பு மருந்துகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு சென்றது அரசின் திட்டமே, காப்பீட்டு முகவரல்லர்.

மேலும், அறுவை ஒன்றுக்கு இத்துணைப் பணம் என்று விலை குறித்துவிட்டால், அறுவை பெருகுமேயன்றி நலம் பெருகாது. பீகாரில் நடுவணரசின் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பெறும்பொருட்டு, வேண்டாத நிலையிலும் ஏழைப் பெண்டிர் பலரின் கருப்பைகளை அகற்றிய கொடுமை 2012இல் வெளிப்பட்டு, மாந்த உரிமை ஆணையம் வரை சென்றது. அப்பெண்டிரின் கையிலும் காப்பீட்டு அட்டை இருந்தது. காத்ததா அது?

“அரசு மருத்துவமனையில் கூட்டம் நெரிகின்றதே! கையூட்டுக் கேட்கின்றார்களே! மருத்துவரிடம் காலியாக உள்ளதே!” என்று வினவுவோர் உண்டு. அவர் கூறுவது உண்மையே. ஆயினும், சீர்கெட்ட கிணற்றைத் தூர்வாருவதா, தூர்த்துவிட்டுத் தண்ணீர் வண்டிக்காரனை நம்புவதா? அரசு மருத்துவமனையின் குறையைச் சட்டமன்றத்தில் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கணக்குக் கேட்கலாம், தேர்தலில் தண்டிக்கலாம். தொலைநகரிலுள்ள காப்பீட்டு அலுவலகம் ‘தொகை மறுக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் விடுக்கும் ஒருவரி மடலை, அந்த மொழியறியாத உழவன் எங்கே சென்று கேட்பான்?

அரசு நடத்துதல் என்னும்போது, எந்த அரசு என்பதும் தெளிவுறல் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின்படி நலவாழ்வு மாநிலப் பட்டியலில் உள்ளது. சிற்றூர்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்க்கு முதுநிலைப் படிப்பில் இடம் ஒதுக்கியதாலேயே, தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு மருத்துவர் சென்றனர். இந்திய அளவிலான நெறிமுறைகளைக் காட்டிப் பட்ட மேற்படிப்பில் அவ்வொதுக்கீடு 2017இல் தடைப்பட்டது. மாநிலத்திற்கு அவ்வுரிமை உண்டு என 2020 ஆகத்து 31 அன்று உச்ச நயன்மன்றத்தின் அரசமைப்பு ஆயம் தீர்ப்பளித்த பின்னரே அது மீண்டது. உரிமை போனால் மருத்துவரும் போவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தன்மொழி பேணும் சிறிய தேசிய இனமாகிய வேல்சு மக்களின் செயலையும் எண்ணுக. 1948இல் பிரித்தானியாவில் அனைவர்க்கும் பொதுவான அரசு மருத்துவத்தைத் தொடங்கிய அமைச்சர் அனூரின் பெவன், அம்மண்ணின் சுரங்கத் தொழிலாளர் ஊரில் பிறந்தவர். 1999இல் தமக்கெனச் சட்டமன்றம் பெற்ற வேல்சு மக்கள், 2007இல் மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளுக்கான கட்டணத்தை அடியோடு நீக்கினர். இங்கிலாந்தோ நீக்கவில்லை. தன் நலவாழ்வைத் தானே ஆளும் இனம் தன் ஏழையரை மறப்பதில்லை.

ஆகவே, தமிழ் மக்கள் எழுப்பவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. காப்பீட்டு நிறுவனத்திற்குச் செல்லும் அரசுப் பணம் அரசு மருத்துவமனைகளுக்கே நேராகச் செல்லல் வேண்டும். தனியாரிடம் சில மருத்துவங்களை வாங்க நேரின், கருநாடகம் செய்தது போல் அரசே அறக்கட்டளை அமைத்து நேரே செலுத்தலாம். இடையில் ஐந்தாம் கை வேண்டா. மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் சிறப்பு மருத்துவரிடங்கள் நிரப்பப்படல் வேண்டும். நோயாளி ஒப்புதலளிக்கும் தாளும், வீடு திரும்புகையில் பெறும் குறிப்பும் தமிழில் இருத்தல் வேண்டும். தன் உடலைப் பற்றிய செய்தியைத் தன் மொழியில் அறிவது பிறப்புரிமை.

பெருமக்களே! நோய் வருமுன் காப்பதும், வந்தபின் தீர்ப்பதும், தீரும்வரை உடனிருப்பதும் ஓர் அரசு தன் மக்களுக்குச் செலுத்தும் கடன். அக்கடனை வணிகரிடம் கைமாற்றிவிட்டு, அட்டையைக் காட்டி அமைதி கொள்ளும் அரசு, தன் கடமையினின்று வழுவிய அரசே. அதனைத் தட்டிக் கேட்கும் விழிப்பு, ஊர்தோறும் தொடக்க நலவாழ்வு நிலையத்தின் வாயிலிலிருந்தே தொடங்குக!