உப்பளத்தில் விளைந்த அறிவு

(பாளையங்கோட்டையில் ஆற்றிய பொழிவு)



அறிவு யாரிடம் உள்ளது? இதுவே இன்று யான் எழுப்ப விரும்பும் வினா. ஏடு எழுதியவனிடம் உள்ளது என்கிறது ஆடவர் வகுத்த முறைமை. உழைக்கும் பெண் அறிந்தவற்றை அது பழக்கம் என்கிறது, அடுக்களைப் பேச்சு என்கிறது, அறிவென்று ஒப்புவதில்லை. இம்முறைமையை வேரோடு அசைத்தவர்களுள் பெண் புதின ஆசிரியர்கள் முன்னிற்பவர்கள்.

இராசம் கிருட்டிணன் அவர்களை எண்ணிப் பாருங்கள். 1925-இல் முசிறியில் பிறந்தவர்; பதினைந்து அகவையில் மணம் முடிக்கப்பெற்றவர்; கல்லூரி காணாதவர். எம்மக்களைப் பற்றி எழுத எண்ணினாரோ அம்மக்களிடமே சென்று, பழகி, கேட்டறிந்து எழுதும் முறையை அவர் தமக்கென வகுத்துக்கொண்டார். அவ்வாறு தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடம் வந்து கேட்டறிந்து அவர் எழுதிய புதினமே 1979-இல் (தி.பி. 2010) வெளிவந்த 'கரிப்பு மணிகள்'. அந்நாளில் தூத்துக்குடி நம் நெல்லை மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 1986-இல்தான் தனி மாவட்டமாயிற்று.

உப்பு எத்தனை மூட்டை, என்ன விலை என்று முதலாளியின் கணக்கேடு கூறும். உப்பளத்திற்கு வேலைக்குச் செல்லும் பொன்னாச்சியின் கதையோ வேறொரு கணக்கைக் கூறுகிறது. உவர்நீரில் வெடித்த காலின் எரிச்சல், வெண்மையின் கூச்சத்தில் மங்கும் கண், குடிநீருக்கு அலையும் அலைச்சல், வேலை தருவோனின் தகாத பார்வைக்கு அஞ்சும் அச்சம் ஆகியவை அந்த ஏட்டில் ஏறாதவை. ஏறாமையால் அவை பொய்யாகிவிடுமா?

நம்மை அடுத்துள்ள குமரி மாவட்டத்திலும் இதையே காண்கிறோம். 1964-இல் எப்சிபா சேசுதாசன் எழுதிய 'புத்தம் வீடு' பனைவிளை ஊரொன்றின் கதை. அக்குடும்பத்தின் பெருமையைப் பாட்டனார் அறிவார். பள்ளியினின்று நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்பட்ட இலிசியோ அப்பெருமையின் விலையை அறிவாள். வீடு ஒன்று, அறிவு இரண்டு. அவற்றுள் இலிசியின் அறிவையே ஆசிரியர் நம்முன் வைக்கிறார்.

இப்புதினங்களில் அயற்சொற்கள் விரவியுள்ளனவே, தனித்தமிழர் இவற்றை எங்ஙனம் போற்றுவது எனச் சிலர் வினவலாம். அயற்சொல் களையப்பட வேண்டியதே. அதில் எனக்குத் தளர்வில்லை. ஆனால் களையைக் கண்டு வயலைத் துறப்பார் உளரோ? பாத்தி, வாருபலகை, தட்டுமேடு என்பன உப்பளத்தார் வாயில் வாழும் தமிழ். கழக நூலில் உமணரோடு தோன்றும் 'அளம்' என்னும் சொல் உப்பளத்தில் இன்றும் சாகவில்லை. அச்சொற்களை நாள்தோறும் ஆண்டு காத்தவர்களுள் வெயிலில் உப்பு வாரிய பெண்டிரும் உளர். அவர்தம் பேச்சைக் கேட்டுப் புதினத்தில் பதித்தவரும் ஒரு பெண்மணியே.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பெண்டிர் உளர். முக்கூடலில் பீடி சுற்றும் பெண்டிர் உளர். பொருநை பாயும் வயலெல்லாம் நாற்று நடும் பெண்டிர் உளர். ஒருவரிடமேனும் அமர்ந்து அவர்தம் தொழிற்சொற்களை எழுதி வாருங்கள். சொல்லோடு அவர் கூலியையும் நோயையும் எழுதுங்கள். சொன்னவர் ஒப்பினால், சொல்லின் அருகே அவர் பெயரையும் எழுதுங்கள். இதுவரை பெண் சொன்னாள், ஆண் எழுதினான், நூலில் அவன் பெயரே நின்றது.

அவ்வாறு எழுதி வருபவர்களுள் நம் வீட்டுப் பெண்மக்களும் இருத்தல் வேண்டும். நம் கூட்டங்களில் மேடை ஆடவர்க்கும் அடுக்களை பெண்டிர்க்கும் என்றிருப்பின் அதுவும் மாறவேண்டும். தமிழைத் தாய் என்கிறோம். தாய் பேசும்போது கேட்பதன்றோ மக்கள் கடன்?