பாலியூரித்தேன் மவுண்ட் போடலாமா? ஒரு வாய்ஸ் நோட்டுக்குப் பதில்

(எபிசோடின் எழுத்து வடிவம், வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டது)

இன்னிக்கு முழு எபிசோடும் ஒரே ஒரு வாய்ஸ் நோட்டைப் பத்தித்தான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கார். பத்து வருஷப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலு சிலிண்டர். ஏசி போட்டு சிக்னல்ல நின்னா ஸ்டீயரிங் நடுங்குது. கியர் மாத்தும்போது முன்னாடி 'டொக்'னு ஒரு சத்தம். மெக்கானிக் பார்த்துட்டு, "இன்ஜின் மவுண்டிங் போயிடுச்சு, லோயர் ஆர்ம் புஷ்ஷும் போயிடுச்சு"ன்னு சொல்லிட்டார். இவர் ஆன்லைன்ல தேடினா மஞ்சள், சிவப்பு, ஊதான்னு கலர் கலரா பாலியூரித்தேன் மவுண்ட் வருது. கேள்வி இதுதான்: "ரப்பர் போட்டா திரும்பவும் போயிடும். இதைப் போட்டா ஒரேயடியா முடிஞ்சிடும்ல?" கடைசியில ஒரு வரி சேர்த்திருக்கார்: "வீட்டுல இருக்கிறது இந்த ஒரு கார்தான். அம்மாவை வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸுக்கு இதுலதான் கூட்டிட்டுப் போறேன்."

பதிலை முதல்லயே சொல்லிடறேன். மவுண்டை மாத்துங்க, ஆனா ரப்பரையே போடுங்க. ஏன்னு இப்போ பார்க்கலாம்.

ரப்பர் அங்கே என்ன செய்யுது?

இன்ஜின் கீழே விழாம பிடிச்சுக்கிறதுதான் மவுண்டோட வேலைன்னு நினைப்போம். அதுக்கு ரெண்டு போல்ட் போதும். ரப்பர் அங்கே இருக்கிறதுக்குக் காரணம், அது ஒரு ஃபில்டர்.

கொஞ்சம் கணக்கு. நாலு சிலிண்டர் இன்ஜின்ல ஒவ்வொரு சுற்றுக்கும் ரெண்டு தடவை எரிபொருள் வெடிக்கும். ஐடில்ல 750 ஆர்பிஎம்னா, நொடிக்கு 12.5 சுற்று. அதாவது நொடிக்கு 25 உதை, 25 ஹெர்ட்ஸ்.

இன்னொரு பக்கம், ரப்பர் மேல உட்கார்ந்திருக்கிற இன்ஜினுக்குன்னு சொந்தமா ஒரு தாளம் உண்டு. ஊஞ்சல் மாதிரி. ஊஞ்சலோட தாளத்துக்கு ஒத்துப்போற மாதிரி தள்ளினா சின்ன கை கூடப் போதும், உயரமா போகும். அதைவிட ரொம்ப வேகமா படபடன்னு தட்டினா ஊஞ்சல் கண்டுக்கவே கண்டுக்காது. மவுண்ட் வேலை செய்யறது இந்த ரெண்டாவது விதத்துல. வர்ற உதை, இன்ஜினோட சொந்தத் தாளத்தைவிடச் சுமார் 1.4 மடங்குக்கு மேல இருந்தாத்தான் அதிர்வு வடிகட்டப்படும். அதுக்குக் கீழே வடிகட்டல் கிடையாது. ரெண்டும் கிட்ட வந்தா அதிர்வு பெருகவே செய்யும்.

உதாரணத்துக்கு, சொந்தத் தாளம் 12 ஹெர்ட்ஸ்னு வெச்சுக்கோங்க. எல்லை சுமார் 17. நம்ம உதை 25. நல்ல இடைவெளி இருக்கு. இப்போ ரப்பரை எடுத்துட்டு நாலு மடங்கு கெட்டியான மவுண்ட் போடறோம். விறைப்பு நாலு மடங்கானா தாளம் ரெண்டு மடங்காகும், அதாவது 24 ஹெர்ட்ஸ். உதை 25, தாளம் 24. சரியா ஊஞ்சலைத் தள்ளற கணக்கு. ஏசி கம்ப்ரசர் சுமையும் சேர்ந்தா ஒவ்வொரு உதையும் இன்னும் பெரிசாகும். மூணு சிலிண்டர் கார் வெச்சிருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். அதே 750 ஆர்பிஎம்ல அவங்களுக்கு உதை 19 ஹெர்ட்ஸ் கிட்டதான். இடைவெளி ஆரம்பத்திலேயே கம்மி.

இன்னொரு விஷயம். பழைய மவுண்ட் கிழிஞ்சு தொங்கும்போது கார் ஏன் நடுங்குது? ரப்பர் உட்கார்ந்துபோய், இரும்பு இரும்பைத் தொடுது. அதிர்வுக்கு பாடிக்குள்ள நேர்வழி கிடைச்சிடுது. ரொம்பக் கெட்டியான மவுண்டும் அதே நேர்வழியைத்தான் திறந்துவிடுது. அந்த 'டொக்' சத்தம் போகும், உண்மைதான். ஆனா ஸ்டீயரிங் நடுக்கம் அப்படியே இருக்கும், இல்லைன்னா கூடும். எதைச் சரிபண்ணப் போறோமோ, காசு கொடுத்து அதையே திரும்ப வாங்கற மாதிரி.

அப்போ ரேஸ்காரங்க ஏன் போடறாங்க?

அவங்களுக்குக் காரணம் இருக்கு. முன்சக்கர டிரைவ் கார்ல இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டி. இன்ஜின் 115 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்குதுன்னு வைங்க. முதல் கியர் 3.5, ஃபைனல் டிரைவ் 4 மடங்குன்னா, சக்கரத்துக்குப் போறது 1,610. சக்கரத்தை முன்னாடி தள்ளற அதே அளவு, இன்ஜின் கட்டியைப் பின்பக்கமா உருட்டப் பார்க்கும். அதைத் தாங்கறது இந்த மவுண்டுகள்தான். ரப்பர் மென்மையா இருந்தா இன்ஜின் முதல்ல உருளும், அப்புறம்தான் கார் நகரும். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேல லேப் நேரத்தைத் துரத்தறவருக்கு அந்தச் சின்னத் தாமதமும் தொந்தரவு. ஹெல்மெட் போட்டு கொஞ்ச நேரம் ஓட்டிட்டு இறங்கிடுவார். அவிநாசி ரோடு டிராஃபிக்ல ஐடில்ல நிக்கிற வேலை அவருக்கு இல்லை.

இதுல ஒரு வரலாறும் இருக்கு. ஆரம்பகாலக் கார்கள்ல இன்ஜினைப் பெரும்பாலும் சட்டத்தோட விறைப்பாவே முடுக்கியிருந்தாங்க. 1931-ல கிரைஸ்லர் நிறுவனம் தன்னோட பிளிமத் கார்ல 'ஃப்ளோட்டிங் பவர்'னு ரப்பர் மேல இன்ஜினை மிதக்கவிட்டாங்க. நாலு சிலிண்டர் கார் அதைவிடப் பெரிய இன்ஜின் கார் மாதிரி அமைதியா ஓடினது அப்போ பெரிய விஷயம். பிரான்ஸ்ல சிட்ரோயன் அதுக்கு உரிமம் வாங்கி, நீந்துற அன்னத்தைச் சின்னமா வெச்சு விளம்பரம் பண்ணாங்க. அதனால கெட்டி மவுண்ட் ஒண்ணும் புதுசா வந்த அப்கிரேட் இல்லை.

போர்ஷே இதை எப்படிக் கையாண்டாங்கன்னும் பாருங்க. 997 தலைமுறை 911 ஜிடி3-ல ஆப்ஷனா ஒரு மவுண்ட் கொடுத்தாங்க. உள்ளே காந்தப்புலத்துக்கு ஏத்த மாதிரி கெட்டியாகிற திரவம். டிராக்ல வேகமா போனா கெட்டி, சாதாரணமா போனா மென்மை. டிராக்குக்குன்னே கார் செய்யறவங்களே நிரந்தரமா கெட்டியா விடலை.

புஷ் கதை வேற

மவுண்ட் அதிர்வைப் பத்தினது. புஷ் அசைவைப் பத்தினது. ரப்பர் புஷ் வெளி வளையத்தோடயும் உள் குழாயோடயும் ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கும். பாலியூரித்தேன் முறுக்காது, வழுக்கும். அதனாலதான் அதுக்கு கிரீஸ் வேணும். காய்ஞ்சா கீச்சுனு கத்தும்.

நிறைய ஹேட்ச்பேக்கோட லோயர் ஆர்ம்ல முன் புஷ் பெரும்பாலும் சுழலும். அங்கே பாலி போட்டா பெரிய தொந்தரவு இல்லை, ஸ்டீயரிங் கொஞ்சம் கூர்மையாகும். ஆனா பின் புஷ்ஷுக்கு வேற வேலை. குழியில சக்கரம் இடிக்கும்போது ஆர்ம் சின்னதா பின்வாங்க அதுதான் இடம் கொடுக்குது. அதுல வேணும்னே இடைவெளி விட்டு வார்த்திருப்பாங்க. அங்கே கெட்டியானதை அடைச்சா, நம்ம ஊர் குழிகளோட இடி நேரா பாடிக்குப் போகும். முதல்ல உணர்றது பின்சீட்ல இருக்கிறவங்க.

சரி, என்ன பண்ணலாம்?

ஒண்ணு: நடுக்கத்துக்கு மவுண்ட் மட்டும்தான் காரணமான்னு பாருங்க. ஸ்பார்க் பிளக், அழுக்கான திராட்டில் பாடி இதுவும் ஐடில்ல நடுக்கும். மெக்கானிக்கை வெச்சு, பிரேக் அழுத்தி, கிளட்ச்சை லேசா விட்டு, முதல் கியர்லயும் ரிவர்ஸ்லயும் இன்ஜின் எவ்வளவு உருளுதுன்னு பக்கவாட்டில நின்னு பாருங்க. காருக்கு முன்னாடியோ பின்னாடியோ யாரும் நிக்கக் கூடாது.

ரெண்டு: கிழிஞ்ச மவுண்டை மட்டும் மாத்தினா, பழசானதோட சுமையும் புதுசு மேல விழும். முடிஞ்சா செட்டா மாத்துங்க. மவுண்ட் ஓரத்துல கறுப்புத் திரவம் கசிஞ்சிருந்தா அது திரவம் நிரப்பின ஹைட்ராலிக் மவுண்ட். அதுக்குப் பதிலா வெறும் ரப்பர் துண்டை வாங்கிடாதீங்க.

மூணு: ரப்பர் புஷ் மாத்தினா, கடைசி முடுக்கு கார் நாலு சக்கரத்துலயும் தரையில நிக்கும்போதுதான். லிஃப்ட்ல தொங்கும்போதே முழுசா முடுக்கினா, கார் இறங்கினதும் ரப்பர் எப்பவும் முறுக்கின நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். 'ரப்பர் உழைக்கலை'ங்கிற புகார்ல சிலது இதனால வர்றதுதான். வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு இதை மட்டும் கேளுங்க.

நாலு: எல்லாம் மாத்தி ஒரு மாசம் ஓட்டின பிறகும் கெட்டி வேணும்னு ஆசையா இருந்தா, இன்ஜினுக்குக் கீழே இருக்கிற டார்க் ராட்ல மட்டும், ஷோர் ஏ அளவுல ரொம்ப மேலே போகாத பாலி போட்டுப் பாருங்க. இன்ஜினோட எடையைத் தாங்கறது அது இல்லை, உருளலைத் தடுக்கிறதுதான் அதோட வேலை. ஐடில் நடுக்கம் கூடும், ஆனா எல்லா மவுண்டும் மாத்தற அளவுக்கு இல்லை. பிடிக்கலைன்னா பெரும்பாலான கார்கள்ல கழட்டறதும் சுலபம்.

நண்பா, உங்க பழைய ரப்பர் பத்து வருஷம் உழைச்சிருக்கு. புதுசு இன்னும் பல வருஷம் உழைக்கும். டயாலிசிஸ் முடிஞ்சு களைச்சுப்போய் வர்ற அம்மாவுக்கு, சிக்னல்ல சீட் நடுங்காம இருக்கிறதுதான் முக்கியம். மாத்தின பிறகு எப்படி இருக்குன்னு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். டிராக் கார்ல பாலி போட்டு ஓட்டறவங்களும் உங்க அனுபவத்தை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.