கிரகணம் கண்டு அஞ்சலாமா?



கிரகணம் என்றதும் லயத்துக் கதவைச் சாத்தி, பிள்ளைத்தாய்ச்சிகளை உள்ளே உட்கார வைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். ஆனால், 2019 டிசம்பர் 26-ஆம் நாள் நடுப்பகலில், நமது ஜொகூரின் தஞ்சோங் பியாயில் மக்கள் திரளாகக் கூடி, சூரியன் நெருப்பு வளையமாக நின்றதைக் கண்டு களித்தார்கள்.

அன்று பாம்பு எதையும் விழுங்கவில்லை. குறுக்கே வந்த சந்திரன் பூமிக்குச் சற்றுத் தொலைவில் இருந்தபடியால், சூரியனை முழுவதும் மறைக்க இயலவில்லை. விளிம்பு மட்டும் வளையமாகத் தெரிந்தது. அந்த நிழலால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு தீங்கும் இல்லை.

கண்ணுக்குத்தான் தீங்கு உண்டு. வெறுங்கண்ணாலோ, கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம் வழியாகவோ சூரியனைப் பார்த்தால் விழித்திரை கெட்டுவிடும். அப்போது வலிகூடத் தெரியாது. வானியல் ஆர்வலர் சங்கத்தார் இதற்கென்றே உள்ள வடிகட்டியைத் தொலைநோக்கியில் பொருத்திக் காட்டுவார்கள். அங்கே போக முடியாவிட்டால், மர நிழலில் தரையைப் பார்ப்போம். இலை இடுக்கில் விழும் வெளிச்சப் புள்ளிகளெல்லாம் குட்டிப் பிறைகளாக மாறியிருக்கும்.

2031 மே 21-இல் மலேசியாவில் மீண்டும் ஒரு வளையக் கிரகணம் வருகிறது. அன்று நம் பிள்ளைகளைப் பூட்டி வைக்காமல், கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்டுவோம்.