எழுத்தறிவும் பத்திரிகையும்



பத்திரிகை ஆசிரியருக்கு வரும் கடிதங்களை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குடிநீர் வரவில்லை என்று எழுதுவார் உளர். சாலை பழுதுற்றது என்று எழுதுவார் உளர். “எனக்கு எழுத்துத் தெரியாது” என்று எழுதுவார் எவரும் இலர். எழுத இயலாமையே அவர்தம் குறையாதலின், அக்குறை தானாக ஆசிரியரின் மேசையை எட்டுவதில்லை. நிருபர் தேடிச் சென்றாலன்றி அது செய்தியாவது அரிது.

நம் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, பெங்களூர் நகர மாவட்டத்தில் ஏழு வயதும் அதற்கு மேலும் உடையாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேர் எழுத்தறிந்தவர். பெருமைக்குரிய கணக்குத்தான். ஆயினும் எஞ்சியோரைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 10 லட்சம் பேர் ஆகின்றனர். மாடிமேல் மாடியாக எழும் கட்டடங்களில் மணல் சுமப்பவரும், பேருந்தின் பலகையைப் படிக்க இயலாமல் அருகில் நிற்பவரைக் கேட்டு ஏறுபவரும் அவருள் அடங்குவர். நாள்தோறும் நாம் காணும் முகங்களே அவை.

இத்துறையில் பத்திரிகை ஆற்றக்கூடிய தொண்டு இருவகைப்படும். புதிதாக எழுத்துக் கற்றவர்க்கு எளிய செய்தித்தாள் அளிப்பது ஒன்று. பழைய மைசூர் ராஜ்யத்தின் வயது வந்தோர் கல்விக் குழு, ‘பெளகு’ என்னும் கன்னட வார இதழை அந்நோக்கத்துடன் வெளியிட்டது. பெளகு என்றால் ஒளி. படிப்பதற்கு ஒன்றும் இல்லாவிடில் கற்ற எழுத்து விரைவில் மறந்துவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கல்லாதவரின் நிலையைக் கற்றவர்க்கு எடுத்துரைப்பது மற்றொன்று. இதற்குப் புதுக்கோட்டை நல்ல சான்று. 1991இல் அங்கே ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் அறிவொளி இயக்கம் பரவியபோது, கிராமப் பெண்கள் எழுத்துடன் சைக்கிளும் கற்றனர். பின்னர் அங்குச் சென்ற பத்திரிகையாளர் பி. சாய்நாத், கற்றவர் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நின்றுவிடவில்லை. பேருந்துக்குக் காத்திராமல் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதையும், பிள்ளையையும் தண்ணீர்க் குடத்தையும் ஏற்றிச் செல்வதையும், ஏளனச் சொற்களைப் பொருட்படுத்தாத துணிவையும் எழுதினார். அக்கட்டுரை 1996இல் நூலிலும் இடம்பெற்றது. எழுத்தறிவு ஒரு பெண்ணின் வாழ்வில் என்ன செய்யும் என்பதைத் தொலைவிலிருந்த வாசகரும் அறிந்தனர்.

இத்தகைய எழுத்து அலுவலகத்தில் அமர்ந்தபடி பிறப்பதன்று. கிராமங்களில் தங்க நாட்கள் வேண்டும். பயணச் செலவு வேண்டும். சாய்நாத்துக்கு டைம்ஸ் ஆஃப் இந்தியா வழங்கிய ஆய்வு உதவித்தொகை அதற்குத் துணை நின்றது. ஆகவே, இப்பணியைப் போற்றுவோர் வாயால் பாராட்டினால் மட்டும் போதாது. அதற்குரிய காலத்தையும் பொருளையும் அளிக்க முன்வருதல் வேண்டும்.

யுனெஸ்கோ 1966இல் அறிவித்தவாறு செப்டம்பர் 8ஆம் நாள் உலக எழுத்தறிவு நாளாகும். அன்று படங்களும் வாழ்த்துரைகளும் வெளிவரும். சென்ற ஆண்டு கையெழுத்திடக் கற்ற தாய் இவ்வாண்டு மருந்துச் சீட்டைப் படிக்கின்றாளா, மாலை வகுப்பு இன்னும் நடைபெறுகின்றதா என்று மறுநாள் கேட்பவர் யார்? வகுப்பு நின்றுபோன செய்தியும் செய்தியே அன்றோ?

வாசகர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நம் தெருவில் அத்தகைய வகுப்பு நடப்பினும், நின்றுபோயினும், அதனைக் குறித்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். எழுத இயலாதவர்க்காக எழுதும் அக்கடிதம், ஒரு நிருபரை அத்தெருவுக்கு அழைத்து வரக்கூடும்.