பெரிய ஃபியூஸ் போடாதீங்க!



"இல்லறம் இனிக்கப் பெரிதும் தேவை விட்டுக்கொடுத்தலா, புரிந்துகொள்ளுதலா?" எதிரணி அம்மையார் சொன்னாங்க: "விட்டுக்கொடுக்கிறவர் குடும்பத்துக்கு ஃபியூஸ் மாதிரி. தான் எரிஞ்சு வீட்டைக் காப்பாத்துவார்." அருமையான உவமை. அதை நான் கொஞ்சம் கடன் வாங்கிக்கறேன்.

என் தங்கை மகன் அமெரிக்காவில், ஓஹையோவில் இருக்கிறான். அவன்கிட்ட ஒரு பழைய கோல்டு விங் மோட்டார் சைக்கிள். ஹோண்டா கம்பெனி 1988-இல் கொண்டு வந்த மாடல். 6 சிலிண்டர், 1520 சி.சி. புருஷனும் பெண்டாட்டியும் நெடுந்தூரம் போகிற வண்டி. நம்ம ஊர் வாடகை வீட்டைவிட அதில் வசதி அதிகம்! (சிரிப்பு)

கம்பெனி கொடுத்த ரேடியோ செத்துப்போச்சு. "மாமா, கடையில வேற ஸ்டீரியோ வாங்கிட்டேன். நானே மாட்டிடறேன்" என்றான்.

முறையாத்தான் செஞ்சான். முதல்ல பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினான். பாசிட்டிவ்ல இருந்து புது ஒயர் இழுத்து, பாட்டரி பக்கத்துலயே 10 ஆம்பியர் ஃபியூஸ் வச்சான். சாவி போட்டாத்தான் கரண்ட் போகிற மாதிரி ஒரு ரிலே. ஹேண்டில் பாரில் ஸ்டீரியோவைப் பொருத்தினான். மனைவி பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஏதோ சொல்ல வாயெடுத்தா, "நீ டார்ச்சை மட்டும் பிடி!"

பாட்டு வந்தது. வண்டியைத் தெருமுனையில திருப்பினான். பாட்டு நின்னது. ஃபியூஸ் போச்சு! புதுசு போட்டான், அதுவும் போச்சு. மூணாவதும் போச்சு.

"மாமா, 20 ஆம்பியர் போட்டுடவா?"

தமிழ் வாத்தியாரைக் கேட்கிற கேள்வியா இது? "போடேன்" என்றேன். (சிரிப்பு)

அந்தப் பொண்ணுதான் தடுத்தது. "வேண்டாங்க. இது மெல்லிசு ஒயர். ஃபியூஸ் எரியலேன்னா ஒயர் எரியும். இந்த வண்டிக்குப் பெட்ரோல் டாங்கே சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. நானும் பார்க்கறேன், இடப்பக்கம் திருப்பும்போதுதான் ஃபியூஸ் போகுது."

குனிஞ்சு பார்த்தோம். ஹேண்டில் பார் திரும்புகிற கழுத்துல ஒயர் நசுங்கி, மேல்தோல் உரிஞ்சு, செம்புக் கம்பி வண்டியின் இரும்புல உரசுது! அந்த ஒயரை மாத்தி, திரும்புறதுக்கு இடம் விட்டுத் தளர்வா கட்டினான். அதே 10 ஆம்பியர் ஃபியூஸ்தான். அப்புறம் எரியவே இல்லை.

நடுவர் அவர்களே! ஃபியூஸ் எரியுதுன்னா எங்கேயோ ஒயர் உரசுதுன்னு அர்த்தம். நம்ம வீட்டுல அம்மா விட்டுக்கொடுக்கிறாள், மனைவி விட்டுக்கொடுக்கிறாள். எது உரசுதுன்னு பார்க்கிறோமா? "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்கிறோம். பெரிய ஃபியூஸ் போடறோம்! ஒரு நாள் வீடே எரியும். கடையில ஃபியூஸ் கிடைக்கும். அம்மா கிடைப்பாளா? (கைதட்டல்)

டார்ச் பிடிக்கிறவங்க சொல்றதையும் காது கொடுத்துக் கேளுங்க. அதற்குப் பேர்தான் புரிந்துகொள்ளுதல். அதுவே பெரிதும் தேவை என்று தீர்ப்பு வேண்டி அமர்கிறேன்.