சீரங்கமா, ஸ்ரீரங்கமா?

(திருச்சியில் பேசிய பேச்சின் சுருக்கம்)



இன்று மாலை சத்திரம் பஸ் நிலையத்தில் கண்ட ஒரு சங்கதியைக் கொண்டே பேச்சை ஆரம்பிக்கிறேன். கிராமத்துப் பெரியவர் ஒருவர், “சீரங்கம் போகுமா?” என்று கேட்டார். பக்கத்திலிருந்த படித்த வாலிபர் சிரித்துவிட்டு, “ஸ்ரீரங்கம் என்று சொல்லும்” என்று திருத்தினார். பெரியவர் தலைகுனிந்துகொண்டார். அவர் செய்த தப்புத்தான் என்ன?

‘ஸ்ரீ’ சமஸ்கிருதச் சொல். செல்வம், அழகு, லட்சுமி என்று பொருள், பெண்பால். இரண்டு மெய்கள் சேர்ந்து சொல்லுக்கு முதலில் நிற்பது தமிழுக்கு ஒவ்வாது. தொல்காப்பியமும் அதற்கு இடங்கொடுக்கவில்லை. சரி, நமக்குத்தான் நாக்குத் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வடநாட்டு ஜனங்கள் என்ன செய்தார்கள்? அவர்களுடைய பிராகிருதத்திலும் அப்படி நிற்காது. ஆகவே நடுவில் ஓர் இகரத்தைப் போட்டு ‘சிரீ’ என்றார்கள். ஒருவர் பெயருக்கு முன்னால் மரியாதைக்காக வரும்போது குறுகிச் ‘சிரி’ ஆகும். வேற்றுமை உருபு அதில் ஏறாது. பின்னால் வரும் பெயரில்தான் ஏறும்.

சாட்சி வேண்டுமா? தக்காணத்தை ஆண்ட சாதவாகன அரசர்கள் 2ஆம் நூற்றாண்டில் அடித்த வெள்ளிக் காசு இருக்கிறது. ஒரு பக்கம் பிராகிருதத்தில் ‘சிரி சாதகணிஸ’. கடைசி ‘ஸ’வுக்கு ‘உடைய’ என்று அர்த்தம். மறுபக்கம் திராவிட பாஷையில் ‘திரு ஹாதகணிகு’. அந்தக் ‘கு’ நம் வீட்டுக் ‘கு’தான், ‘ராமனுக்கு’ என்பதில் வருகிறதே, அது. ராஜாவே தன் காசில் ‘சிரி’ என்று போட்டுக்கொண்டான், ஒருவரும் சிரிக்கவில்லை!

‘திரு’ என்பது வடசொல்லிலிருந்து வந்ததா, தனித்தமிழா என்று பண்டிதர்கள் சண்டை போடுகிறார்கள். போடட்டும். 1,800 வருஷத்துக்கு முன்பே இரண்டும் ஒரே காசின் இரு பக்கத்தில் சரிசமமாக இருந்தன என்பது எனக்குப் போதும். 1967இல் அண்ணாதுரை மந்திரிசபை ‘ஸ்ரீ’யை எடுத்துவிட்டுத் ‘திரு’ போட்டதைப் புதுமை என்பவர்கள் இந்தக் காசைப் பார்க்கட்டும்.

இன்னொரு வேடிக்கை. சமஸ்கிருத நாடகங்களில் ராஜாவும் பிராமணனும் சமஸ்கிருதம் பேசுவார்கள். பெண்களும் வேலைக்காரர்களும் பெரும்பாலும் பிராகிருதந்தான் பேசவேண்டும். ராணியானாலும் அதே கதிதான். ‘ஸ்ரீ’ ஒரு பெண் தெய்வத்தின் பெயர். ஆனால் மேடையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த உச்சரிப்பு இல்லை. நாக்கு வராததாலா? இன்னார் இன்னபடி பேசவேண்டுமென்று சாஸ்திரம் எழுதியதாலா? யோசித்துப் பாருங்கள்.

அந்தச் ‘சிரி’ செத்துப்போகவும் இல்லை. பாலி பாஷை வழியாகக் கடல் தாண்டியது. 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமரான இலங்கைச் சிரிமாவோ பண்டாரநாயக்காவின் பெயரில் இருக்கிறது. தாய்லாந்து ராணி சிரிகித்தின் பெயரிலும் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கோயிலுக்கே வாருங்கள். அங்கே ஓதப்படும் நம்மாழ்வார் பாட்டில் ‘ஸ்ரீதரன்’ இல்லை. ‘சிரீதரன்’ என்றுதான் இருக்கிறது. ஊர்ப்பெயரையும் ஆழ்வார்கள் ‘திருவரங்கம்’ என்றே பாடினார்கள். ஆழ்வார் சொன்னால் அருளிச்செயல், கிராமத்தான் சொன்னால் கொச்சையா? அடுத்த தடவை பஸ்ஸில் யாராவது உங்களைத் திருத்த வந்தால், முதலில் கோயிலுக்குள் போய் ஆழ்வாரைத் திருத்திவிட்டு வரச்சொல்லுங்கள்.